கல்லுப்பில் புதைத்த லேப்டாப்

என் உப்புக்கை நைனாவுக்கு,

லேப்டாப்பை உப்புல போட்டு மூடி வெச்சியாமே. அறிவு இருக்கா உனக்கு? இதைக் கேக்கத்தான் இந்தக் கடிதம். நீ இருந்திருந்தா வாசல்ல நிக்க வெச்சுக் கேட்டிருப்பேன். நீயும் பல்லைக் காட்டிட்டு, துண்டை உதறித் தோள்ல போட்டுக்கினு கடலுக்குப் போயிருப்ப. இப்போ கேக்க ஆள் இல்லாம, ஊரே படிக்கிற மாதிரி எழுதிக் கேக்குறேன்.

முதல்ல கோவம் வந்துச்சு நைனா. அப்புறம் சிரிப்பு வந்துச்சு. அதுக்கப்புறம் வந்த அழுகை இன்னும் நிக்கல.

படிக்கிறவங்களுக்கு நீ யாருன்னு தெரியாது, சொல்லிடறேன். பழவேற்காட்டுல, ஒரு பக்கம் ஏரி ஒரு பக்கம் கடல்னு நடுவுல இருக்கிற குப்பம் எங்களோடது. என் நைனா, அதான் எங்க அப்பா, ஏழுமலை ஃபைபர் போட்டுல கடலுக்குப் போனவர். கடல் சரியில்லாத நாள்ல ஏரியில இறாலும் நண்டும். அம்மா கருவாடு போட்டு விக்கிறவங்க. அதனால எங்க வீட்டுல அரிசி மூட்டை இல்லாத நாள் உண்டு, கல்லுப்பு மூட்டை இல்லாத நாள் கிடையாது. போன தை மாசம், போட்டைக் கரைக்கு ஏத்திட்டு, நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு மணல்ல உக்காந்தவர் அப்புறம் எழுந்திருக்கல.

அந்த லேப்டாப்பை வாங்கிக் கொடுத்ததே நீதான். பி.எஸ்சி. முடிச்சு எனக்கு மெடிக்கல் கோடிங் வேலை கிடைச்சப்போ, வீட்டுல இருந்தே செய்யலாம், ஆனா லேப்டாப் சொந்தமா இருக்கணும்னு சொல்லிட்டாங்க. பொன்னேரி கடைக்கு நீயும் வந்த. கடைக்காரர் ஒரு வருஷம் வாரன்டின்னதும் நீ விடல.

"ஒரு வருசத்துக்கு அப்பால ரிப்பேர் ஆச்சின்னா?"

"அது உங்க செலவுங்க."

"அத்த சொல்லு. எங்க வலைக்கு அதுகூட கிடையாது. வாங்கி கடல்ல போட்டா அன்னியோட சரி."

கடையில எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு வெக்கமா இருந்துச்சு, உன் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன்.

என் வேலை இன்னான்னு உனக்குப் புரிய வைக்க நான் பட்ட பாடு இருக்கே! வெளிநாட்டு ஆஸ்பத்திரியில ஒருத்தருக்கு வந்த நோவுக்கு நான் இங்க உக்காந்து நம்பர் போடணும், அதை வெச்சுத்தான் அங்க இன்சூரன்ஸ் பணம் வரும்னு சொன்னேன். "ஒவ்வொரு நோவுக்கும் ஒரு நம்பரா?"ன்னு வாயைப் பொளந்த. "நண்டு கடிச்சா?" கீது நைனா. "கெளுத்தி முள்ளு குத்துனா?" அதுக்கும் கீது. "உங்கம்மா கத்தி கத்தி என் காது போச்சே, அதுக்கு?" உள்ளேயிருந்து அம்மா கரண்டியோட வந்துட்டாங்க. அன்னியிலேர்ந்து சாப்பிட உக்காரும்போதெல்லாம் முட்டியைத் தடவிக்கினு, "பாப்பா, என் முட்டிக்கு ஒரு நம்பரைப் போட்டு அனுப்பு, அமெரிக்காக்காரன் துட்டு குடுக்கட்டும்"னுவ.

உனக்கு வந்ததுக்கும் நம்பர் உண்டு நைனா. காரியம் முடிஞ்சு நான் திரும்ப வேலையில உக்காந்த வாரமே ஒரு ஃபைல்ல அது வந்துச்சு. யாரோ ஒரு வெள்ளைக்காரர், உன் வயசு. நம்பர் எனக்கு மனப்பாடம், தேட வேண்டிய அவசியமே இல்ல. கைதான் வரல. எழுந்து போய் மூஞ்சியைக் கழுவிட்டு வந்துதான் போட்டேன்.

ஆனாலும் அந்த வேலைதான் எங்க ரெண்டு பேரையும் தாங்குச்சு. நீ போனப்புறம் போட்டை உன் பங்காளிங்க எடுத்துக்கிட்டாங்க, அது முறைதான், குத்தம் சொல்லல. அம்மாவுக்கு மீன் வரத்து குறைஞ்சுபோச்சு. என் சம்பளம்தான் வீடு. அதைவிட முக்கியமா, அந்த வேலை இருக்கிற வரைக்கும் நான் துறைமுகத்துக்கு வேலைக்குப் போக வேண்டியதில்ல.

அந்தத் துறைமுகத்தை உனக்கு எவ்வளவு பிடிக்காதுன்னு எனக்குத் தெரியாதா? தெக்க காட்டுப்பள்ளிப் பக்கம் வலை போட்ட இடமெல்லாம் போச்சுன்னு பேச ஆரம்பிச்சா சோறு ஆறிடும். பக்கத்து வீட்டு ரேவதி அங்க ஆபீஸ் வேலைக்குச் சேர்ந்தப்போ, அவங்க அப்பாகிட்ட நீ பேச்சையே விட்டுட்ட. கூடப் பொறந்தவர் மாதிரி இருந்த மனுஷன். அப்புறம் ஊர்க்கூட்டத்துல எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னு சொன்ன: "எவன் வேணா போங்க. என் வூட்டு பேரு அந்த கேட்டுக்குள்ள போவாது. நான் இருந்தாலும் போவாது, செத்தாலும் போவாது."

நான் பின்னாடி பொம்பளைங்க கூட உக்காந்திருந்தேன். அப்போ எனக்கு லேப்டாப் இருந்துச்சு, பெருமையா இருந்துட்டேன்.

சித்திரை முடியற நேரம், ஒருநாள் காலைல பட்டனை அமுக்கினா லைட்டு எரியுது, திரை கறுப்பாவே நிக்குது. சார்ஜர் மாத்திப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன், மாரியாத்தாளுக்கு வேண்டிக்கிட்டும் பார்த்தேன். கம்பெனி சர்வீஸ் நம்பருக்கு போன் போட்டா, ரொம்ப நேரம் பாட்டு கேக்க வெச்சுட்டு, ஒரு பொண்ணு வந்து மரியாதையா சொல்லுச்சு: "மேடம், உங்க வாரன்டி பங்குனியிலயே... சாரி, போன மாசமே முடிஞ்சிருச்சு." அது நம்ம பக்கத்துப் பொண்ணு போல, மாசத்தைத் தமிழ்ல சொல்லுது. வேற நாளா இருந்தா ஊரு எதுன்னு கேட்டு அரைமணி பேசியிருப்பேன்.

பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு பொன்னேரி பஸ்ஸைப் பிடிச்சேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால சலீம் பாய் கடை. நம்ம பக்கத்து போன், டி.வி. ரிமோட்டுலேர்ந்து எல்லாம் அவர்கிட்டதான் போகும். பாய் திருப்பிப் போட்டு ஸ்க்ரூவைக் கழட்டி அடி மூடியைத் தூக்கினாரு. மேசை மேல பொலபொலன்னு என்னமோ கொட்டுச்சு. விரல்ல தொட்டு, மோந்து பார்த்து, என்னையே நிமிர்ந்து பார்த்தாரு.

"இன்னாம்மா இது, லேப்டாப்பா கருவாடா?"

"கடல் காத்து பாய், எங்க ஊர்ல எல்லாமே துருப் பிடிக்கும்."

"அட போம்மா. காத்துல வர்ற உப்பு மாவாட்டம் ஒட்டும். இது கல்லு. யாரோ அள்ளிப் போட்டுக்கீறாங்க." உள்ள டார்ச் அடிச்சுக் காட்டினாரு. பலகை மேல பச்சைப் பச்சையா பூத்துக் கிடக்கு, விசிறிக்குப் பக்கத்துல வெள்ளையா கட்டி. "மதர்போர்டு பேஜாராயிட்ச்சி. கழுவிப் பாக்குறேன். நம்பிக்கை மட்டும் வெக்காதே."

வீட்டுக்கு வந்தப்போ அம்மா ஓலைப் பாயில மீனைத் திருப்பிப் போட்டுக்கிட்டிருந்தாங்க. லேப்டாப்புக்குள்ள கல்லுப்பு எப்படிம்மா வந்துச்சுன்னு கேட்டேன். அவங்க தலையே நிமிரல. அடுத்த வரிசையையும் திருப்பிப் போட்டுட்டு, "உங்க நைனாதான்"னாங்க. "சொல்லக்கூடாதுன்னு என் தலை மேல அடிச்சி சத்தியம் வாங்கிகினாரு."

அப்புறம்தான் எல்லாம் சொன்னாங்க. ஐப்பசி மழையில நான் ட்ரெய்னிங்குக்கு சென்னை போயிருந்தேன் இல்ல, அப்போ நடந்திருக்கு. அங்க அவங்க கம்ப்யூட்டரே தருவாங்கன்னு, லேப்டாப்பை அலமாரி மேல வெச்சுட்டுப் போயிருந்தேன். அதுக்கு நேர் மேலதான் கூரை ஓட்டை. காலைல பார்த்தா பை சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு. நீ எடுத்து உதறினியாம், துண்டால ஒத்தினியாம், அடுப்புக் கிட்ட வெக்கப் போய் அம்மா தடுத்தாங்களாம். சத்தம் கேட்டு ரேவதி ஓடி வந்து, "பெரிப்பா, அரிசியில போடுங்க, எங்க ஆபீஸ்ல போன் நனைஞ்சா அப்படித்தான் பண்ணுவாங்க"ன்னு சொல்லியிருக்கா. எங்க ஆபீஸ்னு சொன்னாளே, அங்கதான் தப்பாயிடுச்சு. இன்னா சொன்ன நீ அவகிட்ட?

"உங்க ஆபீஸ்ல மீனு காய வெச்சிக்கீறாங்களா? அரிசி இன்னாத்த இழுக்கும்? உப்பு போட்டா வஞ்சிரத்துலயே ஒரு சொட்டு தண்ணி நிக்காது."

கருவாட்டுத் தொட்டியைக் கழுவி, அடியில ஒரு படுக்கை உப்பு, அதுக்கு மேல லேப்டாப்பை விரிச்சு, அதுக்கு மேல ஒரு படுக்கை உப்பு. மேல கோணிச் சாக்கைப் போட்டு மூடி, யாராவது கேட்டா பெரிய மீனு காயுதுன்னு சொல்லச் சொல்லியிருக்க. மழை விட்டப்புறம் வெளியே எடுத்து, என் பழைய பல்லு தேய்க்கிற பிரஷ்ஷால ஒவ்வொரு எழுத்தா துடைச்சியாமே. கடலுக்குக்கூடப் போகாம, வெயில்ல உக்காந்து. "அவ்ளோ பொறுமையா அவரு எதுவும் செஞ்சி நான் பாத்ததில்ல"ன்னு சொல்லும்போது அம்மா அழுதுட்டாங்க.

இப்போ யோசிச்சா எனக்கு எல்லாம் ஞாபகம் வருது. நான் சென்னையிலேர்ந்து வந்து லேப்டாப்பைத் திறக்கிறப்போ நீ கதவுகிட்டயே நின்ன. "ஓடுதா பாப்பா?"ன்ன. ஓடுது நைனா, இன்னா திடீர்னு கேக்குறன்னேன். "சும்மாதான்"னுட்டு மீசையைத் தடவிக்கினு போன. அன்னிக்கு உன் முகத்துல இருந்த சந்தோஷம், நிறைய இறால் பட்ட நாள்லகூட நான் பார்த்ததில்ல. எனக்கு ஒண்ணும் புரியல.

ஒண்ணு கேக்குறேன் நைனா. ஏன் என்கிட்ட சொல்லல? தண்ணி, உப்புன்னா வாரன்டியில வராதுதான், ஆனா அப்பவே எடுத்துட்டு வந்திருந்தா பிரிச்சுக் கழுவியிருக்கலாம், போர்டு பொழைச்சிருக்கும்னு பாய் சொன்னாரு. அது உள்ளுக்குள்ளயே மாசக்கணக்குல ஊறி ஊறித் தின்னிருக்கு. நான் திட்டுவேன்னு நினைச்சியா? புயல்ல எஞ்சின் நின்னப்பவே பயப்படாத ஆள், நான் ரெண்டு வார்த்தை கத்துவேன்னு பயந்தியா?

அன்னிக்கு அம்மா வெச்ச குழம்புல உப்பே இல்ல. ரெண்டு பேரும் சாப்பிட்டு எழுந்தோம்.

பாய் கழுவிப் பார்த்தாரு, சூடு காட்டிப் பார்த்தாரு, உயிர் வரல. கம்பெனியில புது போர்டு கேட்டா, அந்த மாடலே இப்போ வர்றதில்லையாம், கிடைச்சாலும் புது லேப்டாப் விலை. புதுசே வாங்கலாமேன்னு நீ கேப்ப. உன் காரியத்துக்கு வாங்கின கடனே இன்னும் நிக்குது, அதுக்கு மேல யார்கிட்ட போய் நிப்பேன்? கடைசியில பாயே சென்னை ரிச்சி தெருவுல சொல்லிவெச்சு, வேற ஒரு உடைஞ்ச லேப்டாப்லேர்ந்து கழட்டின பழைய போர்டு ஒண்ணு வரவெச்சாரு. "இதுக்கு டெஸ்டிங் வாரன்டிதான்மா"ன்னாரு. அப்படின்னா? "இங்க என் மேசையில ஓடுதான்னு பாத்துக்கோ. படி இறங்கிட்டா உன் பாடு." நைனா, நீ இருந்திருந்தா அந்த மனுஷனைக் கட்டிப் பிடிச்சிருப்ப. உன் வலைக் கணக்கேதான் அது.

மேசையில ஓடுச்சு. பழைய படமே திரையில வந்துச்சு, நீ போட்டு மேல நின்னுக்கிட்டு நண்டைத் தூக்கிக் காட்டுற படம். நான் பாய் கடைன்னுகூடப் பாக்காம அழுதுட்டேன். அவர் டீ வாங்கிக் கொடுத்தாரு. கெட்டுப்போன போர்டை எல்லாரும் கடையிலயே விட்டுட்டுப் போவாங்களாம், விட்டா விலையில குறைச்சுக்குவாராம். நான் கொடுக்கல. பேப்பர்ல சுத்தி வாங்கிக்கிட்டேன். "அத்த வெச்சி இன்னாம்மா பண்ணப் போற?"ன்னு கேட்டாரு. எங்க நைனா கைப்பட்டது பாய்னேன். அவர் அதுக்கு மேல இன்னொரு பேப்பரையும் சுத்திக் கொடுத்தாரு.

வீட்டுல ஒரு வாரம் ஓடுச்சு. அம்மா தினமும் விளக்கேத்தும்போது அதுக்கும் சேர்த்துக் கும்பிட்டாங்க. எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, ஒரு ஃபைல் பாதியில இருக்கும்போது திரை மினுக்குன்னு அடங்கிடுச்சு. திரும்ப பொன்னேரி போனேன். உப்பு போர்டோட நிக்கலம்மா, கீ போர்டு, வயரு எல்லாத்துலயும் கீது, அதான் மாத்தின போர்டையும் தின்னுடுச்சுன்னாரு. "இதுக்கு மேல இதுல காசைப் போடாதே. நான் வாங்கிக்க மாட்டேன்." அவரும் நல்ல மனுஷன்தான். கை விரிச்சுட்டாரு.

சூப்பர்வைசர் அதுவரைக்கும் பொறுத்துக்கிட்டாங்க. அப்புறம் ஒரு மெசேஜ் வந்துச்சு, உங்க ஃபைல் எல்லாம் வேற ஆளுக்குக் கொடுத்துட்டோம், லேப்டாப் ரெடியானா சொல்லுங்க, அப்போ இடம் இருந்தா பார்ப்போம்னு. இடம் இருக்காது. எத்தனை பேர் வாசல்ல நிக்கிறாங்கன்னு எனக்குத் தெரியும்.

உன் போட்டோவுக்குக் கீழ நீ உப்புல போட்ட அந்த போர்டை வெச்சிருக்கேன். துடைக்கல. மழை மூட்டம் போட்டா அது வேர்க்குது நைனா, உப்பு இன்னும் தண்ணியை இழுத்துக்கிட்டேதான் இருக்கு. நீ சொன்னது பொய்யில்ல, நல்லாவே இழுக்குது. அம்மா அதைப் பாத்துட்டு, "இந்த மனுசன் சொன்னாக் கேக்க மாட்டாரே"ன்னு உன்னைத் திட்டிட்டு முந்தானையால மூக்கைத் துடைச்சுக்கிறாங்க.

இப்போ சொல்ல வேண்டியதைச் சொல்லிடறேன். இவ்வளவு நேரம் சுத்தி வளைச்சது இதுக்குத்தான்.

நான் துறைமுகத்துல சேர்ந்துட்டேன்.

ரேவதிதான் வந்து கூப்பிட்டா. கேட் பாஸ் போடுற இடத்துல, கான்ட்ராக்ட் வேலை. "அக்கா, பெரிப்பா மேல எனக்கு மரியாதை இல்லாம இல்ல. வீட்டுல அடுப்பு எரியணும் இல்ல?"ன்னா. நான் ரெண்டு நாள் யோசிச்சேன்னு உன்கிட்ட பொய் சொல்லப் போறதில்ல. அன்னிக்கே சரின்னுட்டேன். அவங்க அப்பா தயங்கித் தயங்கி வாசல் வரைக்கும் வந்தாரு, உன் போட்டோவை வெளியே நின்னே பாத்துட்டுப் போயிட்டாரு. உள்ள வாங்க சித்தப்பான்னு கூப்பிட்டேன். வரல.

முதல் நாள் கம்பெனி வேன் வந்து ஏத்திக்கிச்சு. அந்த கேட்டுக்கு முன்னாடி நீங்க எல்லாரும் போராட்டத்துல கொடியோட உக்காந்திருந்த இடத்தைத் தாண்டித்தான் போச்சு. உனக்குச் சோறு கொண்டுவந்து கொடுத்திருக்கேன் இல்ல அங்க, அந்தப் பனைமரம் இன்னும் இருக்கு. நான் ஜன்னல் பக்கம் திரும்பல.

உள்ள போறதுக்கு முதல்ல எனக்கே ஒரு கார்டு அடிக்கணும். கம்ப்யூட்டர் முன்னாடி இருந்த பையன் வரிசையா கேட்டுக்கிட்டே வந்தான். பேரு? செல்வி. அப்பா பேரு?

நைனா, ஊர்க்கூட்டத்துல நீ நின்ன நிலை கண்ணு முன்னாடி வந்துச்சு. பின்னாடி வரிசையில ஆளுங்க. "அப்பா பேரும்மா?"ன்னு அவன் திரும்பக் கேட்டான். ஏழுமலைன்னேன்.

"லேட்டுங்க"ன்னு சேர்த்துச் சொன்னேன். போனவரைப் போனவர்னு போடட்டும், உனக்கு அது கொஞ்சம் மரியாதையா இருக்கும்னு தோணுச்சு. அவன் தட்டிக்கிட்டே சொன்னான்: "லேட்டெல்லாம் கார்டுல வராதுக்கா. பேரு மட்டும்தான் வரும்."

சூடா வெளியே வந்துச்சு கார்டு. செல்வி, தகப்பனார் ஏழுமலை. கழுத்துல மாட்டினாத்தான் கதவு திறக்கும். மாட்டினேன், திறந்துச்சு, போயிட்டேன். ரேஷன் கார்டுல உன் பேரை எடுத்தாச்சு, சங்கத்துல எடுத்தாச்சு, போட்டுப் பங்குல எடுத்தாச்சு. நீ போகவே மாட்டேன்னு சொன்ன இடத்துல மட்டும்தான் இன்னிக்கு நீ உயிரோட இருக்கிற மாதிரி உன் பேர் இருக்கு. இதுக்கு நான் இன்னா பண்ணட்டும்?

அங்க கம்ப்யூட்டர் எல்லாம் ஏசி ரூம்ல இருக்கு. உப்புக் காத்து உள்ள வர்றதில்ல. எதுவும் கெட்டுப்போகாது, நானும் அங்கயேதான் இருப்பேன் போலிருக்கு. மறுபடி கோடிங் வேலைக்குப் போயிடலாம்னு ரேவதி சொல்றா. எனக்கு நம்பிக்கை இல்ல நைனா. உனக்கு ஆறுதலா நாலு வார்த்தை எழுதலாம்னு பாத்தேன், வரல.

ஒண்ணே ஒண்ணு என்னால முடியும். அங்க நிறைய பேர் சாயங்காலம் கார்டைக் கழட்டி உள்ள செக்யூரிட்டி லாக்கர்லயே போட்டுட்டு வராங்க, காலைல அவங்க எடுத்துக் கொடுப்பாங்க; வீட்டுல மறந்துட்டா மறுநாள் கேட்டுல நிக்க வேண்டியிருக்குமாம். நான் அப்படி வைக்க மாட்டேன். உன் பேரை அந்த கேட்டுக்குள்ள ஒரு ராத்திரிகூடத் தங்க விட மாட்டேன். தினமும் என் கூடவே வீட்டுக்குக் கூட்டினு வந்துடுவேன். இது சத்தியம் நைனா, என் தலை மேல.

உன் பாப்பா,
ஏழுமலை மகள் செல்வி